அப்பாவுக்கு சுகர், டாக்டர் பேசினது என்கிட்ட

ஊருக்குப் போயிட்டு வர்றவங்க பேங்க், ஆதார், பத்திர ஆபீஸ்னு அலைஞ்ச கதையைத்தான் எழுதுவாங்க, எனக்கு இந்த லீவ்ல முக்கால்வாசி நேரம் அப்பாவோட ஆஸ்பத்திரியிலயே போச்சு, அதனால அதையே எழுதுறேன். அப்பா கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், 76 வயசு, சுகரும் பிபியும் ரொம்ப வருஷமா இருக்கு. வேகம்னு பார்த்தா எங்க ஊர் ஆஸ்பத்திரியை குறை சொல்லவே முடியாது. காலைல ரத்தம் குடுத்தா மதியம் ரிப்போர்ட் போன்ல வந்துடுது, சுகர் ஸ்பெஷலிஸ்ட்டை அன்னைக்கே பார்த்துடலாம். நான் இருக்குற லண்டன்ல ஜிபின்னு சொல்ற ஏரியா டாக்டர் எழுதி அனுப்பி ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்குறதுக்குள்ள மாசக்கணக்கா ஆயிடும். ஆனா ரூமுக்குள்ள போய் உக்காந்த அப்புறம் நடக்குற விஷயம் இருக்கே, அதான் எனக்கு ஒப்பல.

டாக்டர் நல்லவர்தான். அப்பாவை வருஷக்கணக்கா தெரியும், வெளிய பெரிய கூட்டம் காத்திருந்தும் சிடுசிடுனு பேசல. ஆனா நான் உள்ள நுழைஞ்சதும் நாற்காலியை என் பக்கம் திருப்பிட்டார். "யூகேல இருந்து வந்திருக்கீங்களா"ன்னு ஆரம்பிச்சு முழுசா இங்கிலீஷ். மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 8.1 இருக்கு, டோஸ் ஏத்துறேன், இவர் டயட்ல கண்ட்ரோலே இல்ல, நீங்க சொல்லி வைங்க. அப்பா மடியில ரிப்போர்ட் ஃபைலை வச்சுக்கிட்டு, எந்த ரிப்போர்ட்டைக் கேப்பாரோன்னு விரலை நடுவுல சொருகிக்கிட்டே உக்காந்திருக்கார். ஒண்ணும் கேக்கல. நடுவுல ஒரு தடவை அவர் "எனக்கு பதினோரு மணிவாக்குல..."ன்னு வாயெடுத்தார், அதுக்குள்ள பிரிண்டர்ல மாத்திரை சீட்டு வந்துடுச்சு.

வெளிய வந்ததும் அப்பாவை பிபி பார்க்க நர்ஸ்கிட்ட அனுப்பிட்டு டாக்டர் என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். யூரின்ல புரோட்டீன் போகுதாம், கிட்னி லேசா பாதிச்சிருக்கும் போல, "அவர்கிட்ட சொல்லிக்க வேணாம், பயந்துடுவார், நீங்க பார்த்துக்கோங்க"ன்னார். கிட்னி அவரோடது, நான் ஐயாயிரம் மைல் தள்ளி இருக்குற ஆளு, இதுல நான் என்னத்த பார்த்துக்குறது? ஆட்டோவுல வரும்போதே அப்பாகிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தார், அப்புறம், "அப்ப உப்பைக் குறைக்கணும்ல? கால்வலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போடுற மாத்திரையும் ஆகாதுன்னு சொல்லுவாங்களே"ன்னார். கூட வேலை பார்த்தவர் டயாலிசிஸ் வரைக்கும் போனதைப் பக்கத்துலயே இருந்து பார்த்தவர் அவர். வலி மாத்திரை பலதும் கிட்னிக்கு ஆகாதுங்கிறது சரிதான், ஆனா டாக்டர் அதை என்கிட்ட கூட சொல்லல! பயந்துடுவார்னு மறைச்சிருந்தா அந்த மாத்திரையை இன்னும் போட்டுக்கிட்டுதான் இருந்திருப்பார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னா அண்ணன் டாக்டர் பக்கம்தான் நிக்கிறான். எங்க ஃபேமிலி குரூப்ல அப்பா உடம்பைப் பத்தி எல்லாரும் பேசுவோம், துபாய்ல இருந்து ஒருத்தர் டயட் சார்ட் போடுவார், கோயம்புத்தூர்ல இருந்து சித்தி வெந்தயம்பாங்க, அந்த குரூப்ல அப்பா மட்டும் கிடையாது. டாக்டரை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது, பேஷண்ட்டைத் தாண்டிப் போய் பேசுற பழக்கம் வீட்டுலயே ஆரம்பிச்சுடுது.

சட்டத்துல இது எப்பவோ பேசி முடிச்ச விஷயம். சமீரா கோலி வழக்குன்னு ஒண்ணு, 2008ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஒரு பொண்ணு வெறும் டெஸ்ட்டுக்குன்னு மயக்கத்துல இருக்கும்போது, வெளிய இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. உயிருக்கு அவசரம்னு ஒண்ணும் இல்லாதப்ப, விவரம் தெரிஞ்ச பெரிய ஆளுக்குப் பதிலா அம்மா குடுக்குற சம்மதம் செல்லாதுன்னுது கோர்ட். அம்மாவே முடியாதுன்னா வெளிநாட்டுல இருந்து வந்த மகள் எந்தக் கணக்கு? அதே தீர்ப்புல பேஷண்ட்டுக்கு எவ்வளவு விவரம் சொல்லணும்ங்கிறதுக்கு அமெரிக்கா முறை வேணாம், டாக்டருங்க வழக்கமா சொல்றதைச் சொன்னாப் போதும்ங்கிற இங்கிலாந்து முறையே நமக்குப் போதும்னும் எழுதியிருக்காங்க. வேடிக்கை என்னன்னா, 2015ல இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டே அந்த முறையைத் தூக்கிப் போட்டுடுச்சு. மாண்ட்கோமரி வழக்கு, அதுவும் ஒரு சுகர் பேஷண்ட் விஷயம்தான். பிரசவத்துல குழந்தையோட தோள் மாட்டிக்குற ஆபத்து அந்தம்மாவுக்கு இருக்குன்னு டாக்டருக்குத் தெரியும், சொன்னா சிசேரியன் கேப்பாங்கன்னு சொல்லல. டாக்டர் எது முக்கியம்னு நினைக்கிறார்ங்கிறது கணக்கில்ல, அந்த பேஷண்ட் எதை முக்கியம்னு நினைப்பாங்களோ அதைச் சொல்லியே ஆகணும்னு ஆயிடுச்சு.

அதுக்காக லண்டன்ல எல்லாம் ஒழுங்குன்னு நினைச்சுடாதீங்க. அங்க எல்லாத்தையும் என்கிட்டதான் கேக்குறாங்க, ரிசல்ட் எல்லாம் ஆப்ல எனக்கே தெரியுது, சந்தோஷம். ஆனா பத்து நிமிஷத்துல ரெண்டு மருந்து பேரைச் சொல்லி ஒரு நோட்டீஸைக் கையில குடுத்து "உங்க முடிவு"ன்னு விட்டுட்டா நான் எங்க போறது, அடுத்த தடவை போனா வேற டாக்டர் இருப்பார், முதல்ல இருந்து கதை சொல்லணும். பேஷண்ட் உரிமைங்கிற பேர்ல பொறுப்பைத் தள்ளிவிடுறதும் நடக்குது. அந்த வகையில அப்பாவோட டாக்டர் எவ்வளவோ மேல், ஆள் மாறாம இருக்கார், ராத்திரி போன் பண்ணா எடுக்குறார். அவர் அப்பாவைப் பார்த்துக் கேள்வி கேட்டாலே போதும், வேற ஒண்ணும் மாத்த வேணாம்.

கேக்குறதுன்னா எப்படின்னு நான் பார்த்தது ஆஸ்பத்திரியில இல்ல, பக்கத்து வீட்டுத் திண்ணையில. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தெரியும்ல, 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சது, 2024ல ஐநா விருது கூட வாங்குச்சு. அதுல வர்ற தன்னார்வலர் பொண்ணு, மகளிர் குழுவுல இருக்குற நம்ம தெருப் பொண்ணுதான், பக்கத்து வீட்டு அத்தைக்கு பிபி பார்த்து மாத்திரை குடுக்க வந்துச்சு. அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு தானும் பிபி பார்க்கப் போய் உக்காந்துட்டார். அந்தப் பொண்ணு அத்தை கையில பட்டையைச் சுத்திக்கிட்டே, "போன மாச அட்டை இன்னும் இவ்வளவு மிச்சம் இருக்கே அத்தே, போட்டா ஏதாச்சும் பண்ணுதா?"ன்னு கேட்டுச்சு. ஏன் போடலன்னு கேக்கல பாருங்க. அத்தை உடனே, "காலு வீங்குதுடி, அதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்." "நீங்களா நிறுத்தாதீங்க, நர்ஸ் அக்காகிட்ட சொல்லி வேற மாத்திரை இருக்கான்னு கேக்குறேன்"ன்னு நோட்டுல எழுதிக்கிச்சு. சில பிபி மாத்திரைக்கு கால் வீங்குறது உண்மையிலயே உண்டு, அத்தை ஒண்ணும் சாக்கு சொல்லல.

அதைக் கேட்டுட்டு இருந்த அப்பா, அவரை யாரும் கேக்காமலே, "எனக்கும்தாம்மா, சுகர் மாத்திரை போட்டா பதினோரு மணிக்கு வேர்த்து ஊத்தி கை நடுங்குது, பாதியா உடைச்சுத்தான் போட்டுட்டு இருக்கேன்"ன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது லோ சுகர். இந்த வயசுல 8.1ஐ விட அதுதான் ஆபத்து, மயங்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா என்ன பண்றது. அட்டையை எடுத்துப் பார்த்தா கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, பேருக்குப் பின்னாடி எஸ்ஆர்னு போட்டிருக்கு, அதாவது மெதுவா கரையுற மாதிரி செஞ்சது, சும்மா உடைச்சுப் போடக் கூடாத வகை. அவர் பாதி போட்டதுக்கு வந்த 8.1ஐ முழுசுக்கு வந்ததுன்னு நினைச்சுத்தான் டாக்டர் டோஸை ஏத்தியிருக்கார். புது சீட்டுப்படி போட்டிருந்தா நினைச்சுப் பார்க்கவே முடியல.

அந்த வாரமே மறுபடி டோக்கன் போட்டோம். நான் உள்ள வரல, கதவுகிட்ட நிக்கிறேன்னு சொல்லிட்டேன். அப்பா பழைய டைரியில தேதி, மணி, வீட்டு மெஷின்ல வந்த சுகர், கை நடுங்குன நாளுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டார்னு பொடி எழுத்துல வரிசையா எழுதி வச்சிருந்தார், அதை டாக்டர் முன்னாடி விரிச்சார். டாக்டர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துட்டு, "இத ஏன் சார் எனக்கு இவ்வளவு நாள் காட்டல?"ன்னார். அப்பா, "நீங்க கேக்கல"ன்னு சாதாரணமா சொன்னார். டாக்டர் சிரிச்சுட்டார், கோவிச்சுக்கல, அது பெரிய விஷயம். லோ சுகர் பண்ற மருந்தை நிறுத்திட்டு வேற எழுதினார், இந்த வயசுக்கு 7க்குக் கீழ கொண்டுவரணும்னு பிடிவாதம் வேணாம், உங்களை மாதிரி கிட்னியும் பிபியும் சேர்ந்து இருந்தா 8க்குள்ள இருந்தா பரவால்லன்னார். எல்லாம் தமிழ்ல, அப்பா முகத்தைப் பார்த்து. யூரின் புரோட்டீனையும் அப்பாவே கேட்டார். டாக்டர் ஒரு தடவை கதவுப் பக்கம் என்னைப் பார்த்துட்டு, பதில் சொன்னார்.

இன்னொண்ணு, ஊர்ல அப்பா அம்மா இருக்குறவங்களுக்கு. அட்மிட் ஆகி வந்திருந்தா பேஷண்ட் எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு குடுக்கணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதியிலயே இருக்கு. போன வருஷம் அப்பா அட்மிட் ஆனப்ப உள்ள பேப்பரை அவர் பேர்லயே எழுதிக் கேட்டு வாங்கிட்டோம், கவுண்டர்ல முதல்ல "சார் பையனை வரச் சொல்லுங்க"ன்னாங்க, நான் இவர்தான் பேஷண்ட்டுன்னேன்.

அடுத்த செக்கப்புக்கு நான் தனியாவே போய்க்கிறேன்னு அப்பா சொல்லிட்டார். அண்ணன் ஒத்துக்கல. அப்பாவை குரூப்ல சேர்த்து விட்டுட்டுத்தான் நான் ஃபிளைட் ஏறினேன், இப்ப அந்த சண்டையை ரெண்டு பேரும் அங்கயே போட்டுட்டு இருக்காங்க, சித்தி நடுவுல வெந்தயம் போட்டோ போடுறாங்க.