அனானி, புனைபெயர், சொந்தப் பெயர்: யாருக்குக் கதவு திறப்பது?

கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் பதிவு தொடங்கியவர்கள் எல்லோரும் அமைப்புகள் பக்கத்தில் ஒருமுறையாவது தயங்கி நின்றிருப்பார்கள். பதிவின் கீழே கருத்து எழுத, அதாவது பின்னூட்டம் இட, யாருக்கு அனுமதி? பெயரே சொல்லாத அனானிக்குமா, கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டுமா? வசை வந்து விழுந்த மறுநாள் நண்பர்கள் சொல்லும் மருந்து ஒன்றுதான்: “சொந்தப் பெயரில் வரச் சொல்லுங்கள், வாய் தானாக அடங்கிவிடும்.” நானும் நெடுநாள் அதை நம்பினேன்.

அந்த மருந்தை ஒரு நாடே குடித்துப் பார்த்திருக்கிறது. நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் வரும் தளங்களில் கருத்து எழுதுவோர் தங்கள் அடையாளத்தை உறுதிசெய்தாக வேண்டும் என்று 2007இல் தென்கொரியா சட்டம் போட்டது. திரையில் எந்தப் பெயரும் தெரியலாம். ஆனால் ஆள் யார் என்பது தளத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2009இல் அந்த வரம்பு 1 லட்சமாக இறங்கியது. பலன்? வசைக் கருத்துகளின் பங்கு 13.9 சதவீதத்திலிருந்து 13 சதவீதமானது. வசைபாடிகள் கூச்சப்படவில்லை. பறிபோனது வேறு: 2011இல் நேட், சைவேர்ல்ட் தளங்களுக்குள் புகுந்த திருடர்கள் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ரத்துசெய்தது.

அதே நாட்டில்தான் ‘மினர்வா’ என்ற புனைபெயரில் ஒருவர் பொருளாதாரம் எழுதிவந்தார். லேமன் பிரதர்ஸ் வங்கியின் வீழ்ச்சியை முன்கூட்டியே சொன்னதால் பெரும்புகழ். யாரோ பெரிய நிதித்துறைப் புள்ளி என்று ஊரே நம்பியது. 2009 ஜனவரியில் பொய்த்தகவல் பரப்பியதாகக் கைதுசெய்தார்கள். பார்த்தால், தானே படித்துக் கற்றுக்கொண்ட வேலையில்லா இளைஞர்! அவர் எழுதியது சரியா தவறா என்ற பேச்சு போய், அவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்ற பேச்சு வந்தது. ஏப்ரலில் நீதிமன்றம் விடுவித்தது.

சொந்தப் பெயர் கேட்பதில் உள்ள கோளாறு இதுதான். அது எழுத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கவைக்கிறது. நம் ஊரில் ஒரு பெயரைச் சொன்னால் போதும், மதம் தெரிந்துவிடும். பல நேரம் சாதியையும் ஊரையும் தோண்டி எடுத்துவிடுவார்கள். பெண் பெயராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பதிவு எதைப் பற்றியது என்பதே பலருக்கு மறந்துபோகும். அரசு வேலையில் இருப்பவர் துறையின் ஊழலை எழுத வேண்டுமென்றால் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா எழுத முடியும்? பதவியும் பலமும் உள்ளவருக்குச் சொந்தப் பெயர் ஓர் அலங்காரம். மற்றவருக்கு அது செலவு. தவிர, முழுப்பெயரும் குடும்பப் படமும் போட்டுக்கொண்டே அசிங்கமாகத் திட்டுபவர்களை ஃபேஸ்புக்கில் தினமும் பார்க்கிறோம்.

அனானியின் கதை வேறு. அவருக்கு நேற்று இல்லை, நாளையும் இல்லை. காலையில் சொன்னதை மாலையில் மறுக்கலாம். ஒரே ஆள் நான்கு பேராக வந்து தன்னையே பாராட்டிக்கொள்ளலாம். அதைவிட மோசமான வசதி ஒன்றும் இருந்தது: பெயரும் தள முகவரியும் தட்டச்சு செய்தால் போதும் என்ற வாய்ப்பு. அடுத்தவர் பெயரில் ஆபாசம் எழுத அது ராஜபாட்டை. தமிழ்ப் பதிவுலகில் இது பெருந்தொல்லையாகி, பெயரின் மேல் மவுஸ் சுட்டியை வைத்து, கீழே தெரியும், அந்தக் கணக்குக்கே உரிய பிளாக்கர் எண்ணைச் சரிபார்க்கும் வழக்கம் வந்தது. ‘எலிக்குட்டி சோதனை’ என்று அதற்கு அழகான பெயரும் கிடைத்தது.

அந்தச் சோதனை எதைச் சோதித்தது என்று கவனியுங்கள். ஆளின் நிஜப் பெயரை அல்ல. நேற்று வந்தவர்தானா இவர் என்பதை மட்டுமே. என் ஓட்டு புனைபெயருக்கு விழுவது இதனால்தான். ஐந்து வருடம் ஒரே புனைபெயரில் எழுதியவருக்கு அது வீடு மாதிரி. வாசகர், நட்பு, பழைய சண்டை எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு வசையால் அதைக் கெடுத்துக்கொள்ள எளிதில் மனம் வராது. பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை, தொடர்ச்சி போதும்.

2007இல் கேத்தி சியரா என்ற அமெரிக்கப் பதிவருக்குக் கொலைமிரட்டல்கள் வந்தபோது கணினி நூல் பதிப்பாளர் டிம் ஓ’ரெய்லி முன்வைத்த நடத்தை விதிகளும் ஏறக்குறைய இதையே கேட்டன: செல்லுபடியாகும் மின்னஞ்சல் வேண்டும், வெளியே தெரிவது புனைபெயராக இருக்கலாம். பதிவர்கள் பலர் அதற்கே கொதித்தார்கள். விதிகள் எடுபடவில்லை. எனக்கு அந்த விதிகளில் பிடித்தது வேறொன்று: தன் பதிவில் வெளியாகும் பின்னூட்டத்துக்கும் பதிவரே பொறுப்பு என்பது. வீட்டுக்காரர் திண்ணையில் இல்லாவிட்டால் எந்தப் பெயர் ஏற்பாடும் உதவாது.

என் பதிவில் இப்போது அனானிக்கும் இடம் உண்டு, ஆனால் நான் படித்துப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்தலைத் தாண்டித்தான் வர முடியும். பத்தில் ஏழு குப்பைக்குப் போகின்றன. போன வாரம் வந்த ஒன்றில் ஒரே வரி: “மூன்றாம் பத்தியில் சந்திப்பிழை இருக்கிறது, திருத்துங்கள்.” திருத்திவிட்டு, அதையும் வெளியிட்டேன்.