ஒமேகா சீமாஸ்டரா, டியூடர் பிளாக் பேயா: முதல் நல்ல கடிகாரத்துக்கு எது?

என் கையில் இருப்பது ஒமேகா. சித்தப்பா மகன் யோசனை கேட்டபோது நான் சொன்னது டியூடர். "அப்படியானால் நீங்கள் ஏன் அதை வாங்கவில்லை, அண்ணா?" என்று கேட்டான். அதற்கான பதில் ஒரு வரியில் அடங்கவில்லை.

அவனுக்கு முப்பது வயது. இதுவரை கட்டியதெல்லாம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரங்கள், பிறகு நடந்த அடிகளை எண்ணும் ஸ்மார்ட் வாட்ச். வீட்டுக் கடன் தவணை தொடங்குவதற்குள் தனக்கென்று ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று ஐந்து ஆண்டுகளாக போனஸில் ஒரு பகுதியை ஒதுக்கி வந்திருக்கிறான். தேடி, வடிகட்டி, கடைசியில் இரண்டு டைவர் கடிகாரங்களில், அதாவது கடலில் மூழ்குவோருக்கென்று செய்தவற்றில், வந்து நின்றான்: ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம், டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட். நான் இங்கே பேசுவது இரண்டிலும் 2018இல் வந்த எஃகு மாடல்களைப் பற்றி.

ரோலெக்ஸ் சப்மரைனர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பார்கள். விலை ஒரு காரணம். பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு எப்போது அழைப்பார்கள் என்று காத்திருப்பது இன்னொரு காரணம். டியூடர் அதே வீட்டுப் பிள்ளைதான். ரோலெக்ஸை உருவாக்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபுக்காக 1926இல் பதிவான பெயர் அது. அதே நம்பகத்தைக் குறைந்த விலையில் கொடுப்பது அவர் நோக்கம். அதனால் 'ரோலெக்ஸ் கிடைக்காதவர்களுக்கு டியூடர்' என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அந்த ஏக்கத்தோடு டியூடர் வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் முதலிலேயே சொன்னேன். மணி பார்க்கும்போதெல்லாம் கையில் இல்லாத கடிகாரம்தான் கண்ணில் தெரியும்.

முதலில் தண்ணீர்க் கணக்கை முடித்துவிடலாம். ஒமேகா 300 மீட்டர் ஆழம் வரை தாங்கும், டியூடர் 200 மீட்டர். இந்த 100 மீட்டர் வித்தியாசத்துக்கு வாங்குபவர் ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை. பொழுதுபோக்குக்காகக் கடலில் மூழ்குபவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. முதல் நிலைப் பயிற்சி முடித்தவருக்கு 18. முதுகில் சிலிண்டருடன் மனிதர் இறங்கிய ஆழமாகக் கின்னஸில் பதிவானதே 332 மீட்டர். 2014இல் செங்கடலில் எகிப்தியரான அகமது கப்ர் இறங்கியது. நாமோ மெரினாவில் முழங்கால் நனைத்துவிட்டுச் சுண்டல் வாங்கித் திரும்புகிறவர்கள்.

ஒமேகாவின் 10 மணிப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டாவது குமிழ் ஹீலியம் வால்வு. கடலடி வேலைக்காக நாட்கணக்கில் அழுத்த அறையில் தங்கும் தொழில்முறை மூழ்காளிகள் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார்கள். அந்தச் சின்னஞ்சிறு அணுக்கள் ரப்பர் வளையங்களைத் தாண்டிக் கடிகாரத்துக்குள் புகுந்துவிடும். பிறகு அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியேற வழி இல்லாவிட்டால் கண்ணாடியையே பெயர்த்துவிடும். அந்த வாயு வெளியேறத்தான் இந்த வால்வு. என் கடிகாரத்தில் அதை ஒரே ஒரு முறை திறந்திருக்கிறோம். வாங்கிய அன்று, விற்பனையாளர் செய்து காட்டியபோது.

என் பழைய டைவர் கடிகாரம் ஒன்றுக்குள் தண்ணீர் புகுந்தது இடுப்பளவு ஆழத்தில். அந்தமானில், ஹேவ்லாக் தீவில். காலையில் நேரத்தைச் சரிசெய்துவிட்டுச் சாவிக் குமிழைத் திருகி மூட மறந்திருந்தேன். பத்து நிமிடத்தில் 4 மணி எண்ணுக்கு மேலே கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் தேதி தெரியவில்லை. இந்த இரண்டு கடிகாரங்களின் குமிழும் திருகி மூடுவதுதான். கடலில் இறங்குமுன் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வது 300 மீட்டரைவிடப் பயனுள்ளது.

அடுத்தது உள்ளே ஓடும் இயந்திரம். இதில் ஒமேகாவின் கை ஓங்கியிருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த, சக்கரங்களை உராய்வு குறைவாக விட்டுவிட்டு ஓடவைக்கும் கோ-ஆக்சியல் அமைப்பை 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒமேகாதான். இந்த மாடலில் இருக்கும் 8800 இயந்திரத்திலும் அதுவே இருக்கிறது. டியூடரின் எம்டி5402 இயந்திரம், துல்லியத்தைச் சோதிக்கும் சுவிஸ் அமைப்பான காஸ்கின் சான்று பெற்றது. காஸ்க் சோதனை கூட்டுக்குள் பொருத்தாத இயந்திரத்துக்கு 15 நாள் நடக்கும். நாளொன்றுக்கு சராசரியாக 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம். டியூடர் முழுக் கடிகாரத்துக்கும் தனக்குத்தானே அதைவிட இறுக்கமான கணக்கு வைத்துக்கொள்கிறது: 2 பின், 4 முன். ஒமேகா காஸ்க் சான்றோடு நிற்கவில்லை. முழுதாகப் பூட்டிய கடிகாரத்தை சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் மேற்பார்வையில் மறுபடி சோதிக்கிறார்கள். அதில் பின்தங்கவே கூடாது. 5 விநாடி வரை முந்தலாம். கூடவே 15,000 காஸ் காந்தப் புலத்தையும் தாங்க வேண்டும்.

காந்தம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். கைப்பையின் மூடியில் காந்தம், டேப்லெட் உறையில் காந்தம், செல்போனின் முதுகில் ஒட்டும் சார்ஜரில் காந்தம், மேசை ஸ்பீக்கரில் காந்தம். இரவு கழற்றிய கடிகாரத்தை ஸ்பீக்கர் மேல் வைக்கும் பழக்கம் என் வீட்டிலேயே இருக்கிறது. கடிகாரத்தின் சீரான ஓட்டத்தைக் காக்கும் சுருள்வில்லில் காந்தம் ஏறினால் நேரம் தவறும். டியூடரின் சுருள்வில்லும் சிலிக்கான்தான்; அன்றாடக் காந்தத்துக்கு அவ்வளவு எளிதில் மசியாது. ஆனால் ஒமேகாவுக்கு இருப்பது போன்ற சோதனைச் சான்று இந்த மாடலுக்கு இல்லை.

ஓரிடத்தில் மட்டும் டியூடர் முந்துகிறது. ஒமேகா கழற்றி வைத்தால் 55 மணி நேரம் ஓடும், டியூடர் 70. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கழற்றினால் ஒமேகா ஞாயிறு நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு நின்றுவிடும். டியூடர் திங்கள் மாலை 4 மணி வரை தாங்கும். திங்கள் காலை அலுவலகத்துக்கு அவசரமாகக் கிளம்பும்போது ஒமேகாவுக்குச் சாவி கொடுத்து, நேரம் வைத்து, தேதி பார்த்துவிட்டுத்தான் கட்ட முடியும். டியூடரில் தேதியே கிடையாது. சிலருக்கு அது குறை. எனக்கு அது ஒரு வேலை மிச்சம்.

இவ்வளவும் காகிதத்தில் பார்க்கும் கணக்கு. நான் இதை மட்டும் பார்த்துத்தான் ஒமேகா வாங்கினேன். பட்டியல் போட்டு, மதிப்பெண் கொடுத்து, கூட்டிப் பார்த்தால் ஒமேகாதான் மேலே நின்றது. பட்டியலில் நான் சேர்க்காமல் விட்டது என் மணிக்கட்டை.

என் மணிக்கட்டின் சுற்றளவு பதினாறரை சென்டிமீட்டர். ஒமேகாவின் அகலம் 42 மில்லிமீட்டர், தடிமன் ஏறத்தாழ பதின்மூன்றரை. பட்டை மாட்டும் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை சுமார் 50 மில்லிமீட்டர். டியூடரின் அகலம் 39, தடிமன் 11.9. தடிமனில் வித்தியாசம் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் என்று நினைத்தேன். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு மணி பார்க்க முயலும்போதுதான் அந்த நாணயம் எவ்வளவு பெரியது என்று தெரியும். துணி கடிகாரத்தின் விளிம்பில் ஏறி நின்றுவிடும். நடுவில் பேச்சை நிறுத்தி, இரண்டு விரலால் இழுத்துவிட வேண்டும். ஒரு வருடத்தில் என் இடக்கைச் சட்டை மடிப்புகள் மட்டும் நைந்துபோயின. இப்போது வாரத்தில் இரண்டு நாள், அரைக்கைச் சட்டை போடும் நாளில்தான் ஒமேகா வெளியே வருகிறது.

கடையில் கட்டிப் பார்க்கும்போது குனிந்து மணிக்கட்டைப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு அருகில் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். செல்போன் படத்தையும் நம்ப வேண்டாம். ஆளுயரக் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்று பாருங்கள். கடிகாரத்தின் மேல் கீழ் நுனிகள் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டினால் அது உங்கள் அளவில்லை. தம்பியின் கையில் ஒமேகா விளிம்போடு விளிம்பாக நின்றது. டியூடர் உள்ளே அடங்கியது. பதினேழரை சென்டிமீட்டருக்கு மேல் மணிக்கட்டு இருப்பவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

முகத்தைச் சுற்றியிருக்கும் சுழல் வளையத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் டைவர் கடிகாரம் பற்றி எழுதியதாகாது. இப்போது கடலுக்குள் நேரம் பார்ப்பது டைவ் கம்ப்யூட்டரின் வேலை; வளையம் நமக்குப் பயன்படுவது அடுப்படியில். இட்லிக் கொப்பரையை மூடியதும் வளையத்தில் உள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால் பன்னிரண்டு நிமிடத்தைக் கண்ணாலேயே அளந்துவிடலாம். டியூடரின் வளையம் நாணய விளிம்பு போல வரிவரியாக இருக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றாக 60 சொடுக்கு, ஒவ்வொன்றும் விரலில் தெளிவாகத் தெரியும். ஒமேகாவின் வளையத்தில் அலை அலையாக வெட்டு. பார்க்க அழகு, மாவு ஒட்டிய கையால் திருப்பினால் வழுக்கும். இத்தனைக்கும் இது நீருக்கடியில் திருப்பவென்றே செய்த பொருள்! அதன் செராமிக் பரப்பு கீறாது, வெளிறாது. கல்லில் இடித்தால் மட்டும் உடையலாம். டியூடரின் அலுமினியம் கீறும், வெயிலில் வெளிறும். அந்த வெளிறலைக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டமில்லை.

முகத்தில் ஒமேகாவுக்கு ஒரு மாயம் இருக்கிறது. செராமிக் டயலில் லேசரால் செதுக்கிய அலைகள். விளக்குக்கு நேரே பிடித்தால் தெரிவதில்லை. சாயங்கால வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழும்போது ஒவ்வொரு வரியின் ஓரமும் தனித்தனியாக எழுந்து நிற்கும். பஸ்ஸில் ஓரிரு நிறுத்தம் அதையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் நடுவில் குடைந்த முட்கள் அதே அலைகளுக்குள் சில வேளை தொலைந்துபோகும். இருட்டில் அந்தக் குறை இல்லை: நிமிட முள்ளும் வளையத்தின் புள்ளியும் பச்சையாக ஒளிரும், மற்றவை நீலம். நீருக்குள் முக்கியமான இரண்டையும் தனி நிறத்தில் காட்டும் யோசனை அருமை. ஜேம்ஸ் பாண்ட் 1995 முதல் சீமாஸ்டர் கட்டுகிறார் என்பதைக் கடையில் கட்டாயம் சொல்வார்கள். தலையாட்டிவிடுங்கள்.

டியூடரின் முகம் கறுப்பும் மங்கிய பொன்னும், வழியில் வரும் பழைய வீட்டு நிலைக்கதவு மாதிரி. பெயரில் உள்ள 58, 200 மீட்டர் தாங்கிய டியூடரின் முதல் கடிகாரம் வந்த 1958ஐக் குறிக்கிறது. சதுர நுனி கொண்ட 'ஸ்னோஃப்ளேக்' முட்கள் டியூடரில் வந்ததோ 1969இல். 1958இன் நினைவாகச் செய்த கடிகாரத்தில் 1969இன் முள் எப்படி என்று நுணுக்கம் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு உறுத்துவது செயின்தான்: இரு பக்கமும் ஆணி அடித்தது போன்ற தலைகள், எல்லாம் வேடம். அதோடு, கோடையில் மதியத்துக்குள் மணிக்கட்டு வீங்கும் நம் ஊரில் இந்தச் செயினைத் தளர்த்த ஒரு சின்னக் கருவி தேவை. ஒமேகாவின் பூட்டில் உள்ளே அழுத்தி இழுத்தால் போதும், கையில் கட்டியபடியே இளகும். டியூடரும் இதை உணர்ந்து பின்னால் வந்த சில மாடல்களில் கருவியில்லாமல் 8 மில்லிமீட்டர் வரை சரிசெய்யும் 'டி-ஃபிட்' பூட்டைக் கொடுத்திருக்கிறது. முடிந்தால் அது உள்ளதைக் கேளுங்கள்.

பணம். 2018இல் வந்தபோது எஃகுச் செயினுடன் டியூடர் ஏறத்தாழ 3,600 டாலர், ஒமேகா ஏறத்தாழ 4,900. இரண்டும் அதன்பின் ஏறிவிட்டன. இடைவெளி மட்டும் குறையவில்லை. ரூபாயில் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டுக்கும் ஐந்தாண்டு உத்தரவாதம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கோ-ஆக்சியலைத் தெருமுனைக் கடிகாரக் கடையில் கொடுக்க முடியாது, நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவையும் இன்றே கணக்கில் வையுங்கள். மறுவிற்பனை பற்றி நான் பேசப்போவதில்லை. விற்கும் நினைப்போடு முதல் கடிகாரம் வாங்குகிறவர் தங்கக்காசு வாங்கலாம்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகும் தம்பி ஒமேகாவின் அலைகளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "எது நல்ல கடிகாரம், அண்ணா?" என்றான். ஒமேகா என்றேன். "எதை வாங்கட்டும்?" டியூடர் என்றேன். உன் கைக்கு, உன் முழுக்கைச் சட்டைக்கு, நீ தினமும் யோசிக்காமல் எடுத்துக் கட்டுவதற்கு அதுதான். அரைக்கைச் சட்டைக்காரனாக, பெரிய கைக்காரனாக, தேதி பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாத வேலைக்காரனாக இருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். மிச்சமான லட்சத்தை வீட்டுக் கடனில் போடப்போவதாகச் சொன்னான். பார்க்கலாம்.

வாங்கப் போகும்போது பான் அட்டையை எடுத்துப் போங்கள். விலை 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் அதைக் கேட்பார்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் வரிசை எண்ணும் ரசீதோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். செயினைச் சிறிதாக்கும்போது கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கி, பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். தம்பிக்கு மூன்று கண்ணி கழற்றினார்கள். சின்னப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சட்டை சலவைக்குப் போய், கண்ணிகள் வாஷிங் மெஷினின் வடிகட்டியிலிருந்து நான்காம் நாள் கிடைத்தன, மூன்றும்.