பூனைக்கு பேய்க்கணவாய் பின்ற கிட்: 649 ரூபாய்க்கு வொர்த்தா?

ஆன்லைன்ல "செல்லப்பிராணிக்கு ஆக்டோபஸ், புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஏத்தது"ன்னு போட்டிருந்த குரோஷே (கொக்கி ஊசில நூல் பின்றது) கிட் ஒண்ணு வாங்கினேன், கம்பெனி பேரு வேணாம் விடுங்க. எங்க தூத்துக்குடி பக்கம் ஆக்டோபஸ்ஸ பேய்க்கணவாய்னுதான் சொல்லுவாங்க, எங்க வீட்டுப் பூனை பாண்டிக்கு நெசக் கணவாய்னா உசுரு, சரி பின்னலாவது ஒண்ணு இருக்கட்டும்னு.

முதல்ல நல்லதச் சொல்லிடுறேன். நூல் சூப்பர். அட்டைல 100% பருத்தின்னு போட்டிருந்துச்சு, நமக்கு சந்தேகம் விடாதே, ஒரு துண்ட தீக்குச்சில கொளுத்திப் பாத்தேன், காகிதம் எரியற வாசம் வந்து சாம்பலா உதிர்ந்துச்சு, அக்ரிலிக்கா இருந்தா உருகி உருண்டையா இறுகியிருக்கும். இது ஏன் முக்கியம்னா பூனை நாக்குல இருக்கிற முள்ளு எல்லாம் தொண்டைய பாத்து சாஞ்சிருக்கும், அதுல மாட்டுற பிசிற துப்பத் தெரியாது, முழுங்கத்தான் செய்யும், பருத்தில அந்தப் பிசிறு கம்மி. கூட வந்த 3 எம்எம் கொக்கியும் கைக்கு நல்லா இருக்கு.

ஆனா அந்த புக்லெட் இருக்கே! முழுக்க தையல் பேரு "டபுள் குரோஷே, டபுள் குரோஷே"ன்னு இருக்கு, நானும் யூடியூப்ல டபுள் குரோஷே பாத்து ரெண்டு ராத்திரி உக்காந்து பின்னினா தலை பூரா ஓட்டை, உள்ள இருக்கிற பஞ்சு அப்படியே எட்டிப்பாக்குது. அப்புறம்தான் உறைச்சுச்சு, பிரிட்டிஷ்காரங்க டபுள்னு சொல்றதத்தான் அமெரிக்காக்காரங்க சிங்கிள்ங்கிறாங்க, நான் பாத்த வீடியோ அமெரிக்கா, புக்லெட் பிரிட்டிஷ். ஒரு வரி போட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? மொத்தத்தயும் பிரிச்சுட்டு மேஜிக் ரிங்ல (ஆரம்பிக்கிற நூல் வளையம்) 6 தையல், அடுத்த சுத்து 12, அப்புறம் 18, 24ன்னு சிங்கிள்லயே போட்டேன், தலை கெட்டியா வந்துடுச்சு. கால் பின்றதுதான் செம ஜாலி, சங்கிலி போட்டு ஒவ்வொரு கண்ணிலயும் மூணு மூணு தையல் போட்டா தானா முறுக்கு மாதிரி சுருண்டுக்குது.

இன்னொரு கோவம், கிட்ல ப்ளாஸ்டிக் கண்ணு ஒரு ஜோடி, குட்டி மணி ஒண்ணு. ஷோகேஸ் பொம்மைக்கு சரி, கடிச்சுக் குதற்ற ஜீவனுக்கு யாராவது இதக் கொடுப்பாங்களா? ரெண்டயும் எடுத்து வச்சுட்டு கறுப்பு நூல்லயே கண்ணு தைச்சுட்டேன். கால் நீளமும் புக்லெட்ல இருக்கிறபடி போட்டா இழுக்கும்போது 30 சென்டிமீட்டர் தாண்டுது. 2013ல டென்மார்க்ல குறைமாசக் குழந்தைங்களுக்காக இதே மாதிரி ஆக்டோபஸ் பின்ன ஆரம்பிச்சாங்கல்ல, அதுல கால இழுத்தாலும் 22 சென்டிமீட்டர் தாண்டக்கூடாதுன்னு கணக்கு வச்சிருக்காங்க, நான் அதையே புடிச்சுக்கிட்டேன். பூனை வளக்கிறவங்களுக்கு நூல் விஷயம் தெரிஞ்சிருக்கும், நீளமா முழுங்கிட்டா குடல சுருக்கி இழுத்துடும், ஆபரேஷன் வரைக்கும் போகும். அதனால நூல் முனையெல்லாம் உள்ளயே ரெண்டு மூணு தடவ கோர்த்து இழுத்துட்டுதான் வெட்டினேன்.

கேட்னிப் (பூனைங்கள மயக்குற ஒரு செடி) வாங்கி உள்ள வைங்கன்னு வேற எழுதியிருக்காங்க, அது தனிக் காசு. நம்ம கொல்லைலதான் குப்பைமேனி மண்டிக் கிடக்கே, பூனைவணங்கின்னு சும்மாவா பேரு வச்சாங்க. வேரப் பிடுங்கி கழுவி நசுக்கி பொம்மை மேல தேய்ச்சுக் கொடுத்தேன், பாண்டி அதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு பின்னங்காலால உதைக்கிறான், எச்சில் ஒழுக உருள்றான், கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்கல.

மூணு வாரத்துல ஒரு கால் தையல் லேசா விட்டுச்சு, பிடுங்கித் திரும்பத் தைச்சுட்டேன், யாரும் இல்லாதப்போ பொம்மைய பீரோ மேல வச்சுடுறேன். அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார், அது பூரா நூலுக்கும் கொக்கிக்கும்தான். அடுத்த தடவ பருத்தி நூலும் பஞ்சும் மட்டும் கடைல தனியா வாங்கிப்பேன். அந்த மணி இப்ப என் சாவிக்கொத்துல கிடக்கு.