குணா குகைக்குள் இறக்கிக் காட்டுகிறேன் என்று சொன்னால் நம்பாதீர்கள்

கொடைக்கானல் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் தங்கை மகன் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' படத்தை நான்கு முறை பார்த்தவன். பத்தாவது பரீட்சை முடிந்ததும் "மாமா, குணா குகைக்குப் போகணும்" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் ஒரு ஜீப்காரர் பேச்சுக் கொடுத்தார். "கம்பிவேலி எல்லாம் மத்தவங்களுக்கு சார். நமக்கு உள்ளே ஆள் இருக்கு. படத்துல அந்தப் பையன் விழுவானே, அந்தக் குழி வரைக்கும் காட்டுறேன்." ஆளுக்கு 900 ரூபாய், நான்கு பேருக்கு 3,600. மொத்தமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

வாசலில் எல்லோரும் எடுக்கிற அதே நுழைவுச்சீட்டைத்தான் எங்களுக்கும் எடுத்தார். சோலை மரங்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே பின்னிக் கிடக்கிற பாதை அது, அவ்வளவு அழகு. ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் ஓரத்தில் வேலிக் கம்பி வளைந்திருந்தது. "இதுல இறங்குங்க, அஞ்சே நிமிஷம்" என்றார். கீழே ஈர இலைச்சருகு, பாசி. எது தரை, எது பிளவு என்று தெரியவில்லை. பையன் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டான். மாப்பிள்ளை அவன் சட்டையைப் பிடித்து இழுத்த அந்த நொடியை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "நான் கூட்டிட்டு வந்துட்டேன். இறங்காதது உங்க தப்பு" என்றார். நாங்கள் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து பார்த்தால் ஜீப் இல்லை.

1821-இல் பி. எஸ். வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்த இடம் இது. பழைய பெயர் 'டெவில்ஸ் கிச்சன்'. 1991-இல் வந்த 'குணா' படத்துக்குப் பிறகுதான் குணா குகை ஆனது. தூண் பாறைகளுக்கு நடுவே ஆழமான பிளவுகள். விழுந்து செத்தவர்கள் பலர். 2006-இல் கேரளாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் விழுந்து, நண்பரே இறங்கி மீட்ட கதைதான் 2024-இல் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' படமானது. அந்தப் படத்தின் குகைக் காட்சிகளில் பெரும்பகுதியைப் பெரும்பாவூரில் செட் போட்டு எடுத்தார்கள். திரையில் பார்த்த குழியை இங்கே யாராலும் காட்ட முடியாது. வேலி தாண்டினால் வனத்துறை வழக்குப் போடும். படம் வந்த சமயத்தில் அப்படிப் போன இளைஞர்கள் கைதும் ஆனார்கள்.

போங்கள், வேலி வரை நின்று பாருங்கள், வேர்களைப் பாருங்கள். அதற்கு நுழைவுச்சீட்டும் வண்டி வாடகையும் போதும். அதே சாலையில்தான் பைன் காடும் தூண் பாறையும் இருக்கின்றன. வாடகையைச் சுற்றி முடித்த பிறகு கொடுங்கள். அப்புறம், மலைக்கு வண்டியில் போக வாங்கும் இ-பாஸ் இலவசம். அதற்கும் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

3,600 ரூபாய் இன்னும் வரவில்லை. பையன் எடுத்திருந்த படம் ஒன்றில் ஜீப்பின் எண் தெளிவாகத் தெரிந்தது. அதை வைத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மலை இறங்கினோம்.