இரவு ராணியா, குண்டுமல்லியா, பவளமல்லியா, நிஷாகந்தியா? வீட்டுக்கு எது பொருந்தும்?

"ராத்திரியில மணக்கிற மாதிரி ஒரு செடி கொடுங்க" என்று நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் இரவு ராணியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். குச்சி நட்டாலே வேர் பிடித்துவிடும், மளமளவென்று வளரும், விலையும் குறைவு. ஆனால் எந்தப் பூவுக்கு வாசம் அதிகம் என்று மட்டும் பார்த்துச் செடி வாங்கக் கூடாது. வாசம் எத்தனை மணிக்கு வரும், எந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும், செடி வைக்கும் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்பதைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால், வாங்கிய செடி ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்கும்.

இரவு ராணியையே முதலில் எடுத்துக்கொள்வோம். மேற்கிந்தியத் தீவுகளும் மத்திய அமெரிக்காவும் இதன் பூர்வீகம். பூ பார்வைக்கு ஒன்றுமே இல்லை. பச்சை கலந்த வெள்ளையில் மெல்லிய குழல்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பகலில் மூக்கருகே வைத்து முகர்ந்தாலும் வாசம் தெரியாது. இருட்டியதும் தெருமுனை வரை போகும். ஆண்டில் பல முறை பூக்கும், பூக்கத் தொடங்கினால் செடி முழுவதும் ஒன்றாகப் பூக்கும். ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட்டால் அடுத்த முறை இன்னும் அடர்த்தியாக வரும். அரைநாள் வெயில் போதும். பராமரிப்பு என்று பார்த்தால் இந்த நான்கில் இதுதான் சுலபம்.

சிக்கல் அந்த வாசத்தில்தான். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே இதை வைத்தால் பலருக்குத் தலைவலி வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது என்பேன். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலையும் நினைத்துப் பார்க்க வேண்டும், அவர் இந்த வாசத்தைக் கேட்டு வாங்கவில்லை. இன்னொன்று, இது கத்தரிக் குடும்பத்துச் செடி. இலையும் காயும் நஞ்சு. பூ உதிர்ந்தபின் பிடிக்கும் சின்னச் சின்ன வெள்ளைப் பழங்களைக் குழந்தைகளோ நாயோ வாயில் வைத்துவிட வாய்ப்பு உண்டு. சுற்றிலும் தோட்டம் இருந்து, வீட்டிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி வேலியோரம் வைக்க முடிந்தால் இரவு ராணி அருமையான செடி. பால்கனிக்கு வேண்டாம்.

வெயில் விழும் பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும் என் ஓட்டு குண்டுமல்லிக்குத்தான். மற்ற மூன்றின் வாசமும் செடி நிற்கும் இடத்தை ஒட்டித்தான் இருக்கும். மல்லி நாம் கொண்டுபோகும் இடத்துக்கெல்லாம் வரும். விடியற்காலையில் விரியாத மொட்டாகப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சாயங்காலம் விரியும். சரமாகக் கட்டித் தலையில் வைக்கலாம், சாமிக்குப் போடலாம், ஒரு கைப்பிடி மொட்டை அகலக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டுக் கட்டில் பக்கத்தில் வைக்கலாம். வாசம் தூக்கலாகத் தெரிந்தால் கிண்ணத்தை எடுத்துக் கூடத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. இந்த வசதி மற்ற மூன்றில் இல்லை.

வாங்கும்போது 'ராமநாதபுரம் குண்டுமல்லி' என்று கேட்டு வாங்குங்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மதுரைத் தோட்டங்களுக்கே நாற்று ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்துதான் போகிறது. தங்கச்சிமடத்து மணல்பாங்கான மண்ணில் போட்ட பதியன் நன்றாக வேர் விட்டு வரும். தொட்டி 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு, அவ்வளவுதான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

மல்லி கறாராகக் கேட்பது இரண்டு. ஒன்று, தினம் ஆறு மணி நேர நேரடி வெயில். வடக்குப் பார்த்த பால்கனியில் எவ்வளவு உரம் போட்டாலும் இலைதான் வரும், மொட்டு வராது. இரண்டாவது கவாத்து. பலரும் தவறவிடுவது இதைத்தான். நவம்பர் கடைசியில் சில நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, செடியை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட வேண்டும். பூத்துக் குலுங்கிய செடியைக் குச்சியாக நிறுத்த மனசு வராதுதான். ஆனால் மொட்டு வருவது புதுத் தளிர் நுனியில். வெட்டாமல் விட்ட செடி நீளமாகக் கொடியோடி ஆங்காங்கே நாலு பூ பூக்கும். வெட்டிய செடி மார்ச்சிலிருந்து கொத்துக் கொத்தாக மொட்டு வைக்கும். முல்லை வைத்திருப்பவர்கள் இதே வேலையை ஜனவரி கடைசியில் செய்ய வேண்டும்.

பூச்சியும் மல்லிக்குத்தான் அதிகம். மொட்டு ஊதா நிறமாக மாறி ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைச் செடியிலேயே விடாமல் பறித்து அழித்துவிட வேண்டும். கோடையில் இலை வெளிறி, அடிப்பக்கம் மெல்லிய வலை தெரிந்தால் செம்பேன். தண்ணீரை இலையின் அடியில் படும்படி வேகமாக அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தால் அடங்கும்.

அதிகாலையில் எழுபவர்களுக்கு, தரையில் இடம் இருந்தால், பவளமல்லிக்கு ஈடு கிடையாது. பொழுது சாய்ந்ததும் விரியும், ராத்திரி முழுக்க இதமாக மணக்கும், விடியும்போது தானாகவே உதிரும். இரவு ராணியின் நெடியும் இல்லை, மல்லியைப்போல் பறிக்கும் வேலையும் இல்லை. செடிக்கடியில் ஒரு வேட்டியை விரித்து வைத்தால் போதும். தரையில் விழுந்த பூவைப் பூஜைக்கு எடுப்பதில்லை என்ற வழக்கத்துக்கு இந்த ஒரு பூ விலக்கு. பவளமல்லிக்குப் பாரிஜாதம் என்றும் பெயர். திருவாரூர் மாவட்டம் திருக்களர் கோயிலில் சுவாமியின் பெயரே பாரிஜாதவனேஸ்வரர், தலமரம் இதுதான். இலையைத் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும். நாற்று சரியானதுதானா என்று கடையில் பார்க்க இது எளிய வழி. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும், வாசலுக்கு நேராக வைக்காதீர்கள். பெரிய டிரம்மில் வளர்த்து வெட்டி வெட்டி ஐந்தடியில் நிறுத்தவும் முடியும், ஆனால் பூ குறையும். ஆகஸ்டிலிருந்து மழைக்காலம் வரைதான் இதன் பருவம், கோடையில் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

வெயிலே விழாத பால்கனிக்காரர்களுக்கு நிஷாகந்தி. பிரம்ம கமலம் என்று நம்மூரில் சொல்வதும் இதைத்தான். உத்தராகண்ட் மாநில மலரான இமயமலைப் பிரம்ம கமலம் முற்றிலும் வேறு செடி. நிஷாகந்தியோ மெக்சிகோ பக்கத்துக் காடுகளில் மரக்கிளைகளின்மேல் தொற்றி வளரும் கள்ளி. இலை என்று நாம் நினைப்பது தட்டையான தண்டு. அதில் ஒரு சாண் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டு, பிறகு நட்டால் போதும். களிமண் ஆகாது. தென்னை நார்க்கழிவு, கரித்துண்டு, உடைத்த செங்கல், கொஞ்சம் மண்புழு உரம் என்று காற்றோட்டமான கலவை வேண்டும். சின்னத் தொட்டியில் வேர் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும், அடிக்கடி தொட்டி மாற்றாதீர்கள்.

முதல் பூவுக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். தண்டின் ஓரத்துப் பள்ளத்தில் கடுகளவு தோன்றும் மொட்டு நீண்டு கீழே தொங்கும். பூக்கும் நாள் நெருங்கினால் காம்பு வளைந்து மொட்டு மேலே நிமிரும், நடுப்பாகம் உப்பும். அன்று சாயங்காலம் எங்கும் போகாதீர்கள். எட்டு மணிக்கு மேல் நுனி பிளந்து, வெளிப்புறத்துச் செம்பழுப்பு இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் விலகும். பத்து பதினொரு மணிக்கு விரித்த உள்ளங்கையைவிட அகலமாக வெள்ளைப் பூ. விடியும்போது துவண்டுவிடும். தினமும் வாசம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றமே தரும். வருஷத்தில் சில இரவுகள் போதும், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்பவர்களுக்கு இதைப்போல் ஒன்று இல்லை.

சம்பங்கி பற்றியும் கேட்பார்கள். கிழங்கு வைத்தால் தொட்டியில் வரும், வெயில் வேண்டும். ஒற்றை இதழ் வகையைக் கேட்டு வாங்குங்கள், அடுக்கு வகைக்கு அழகு அதிகம், வாசம் குறைவு. மனோரஞ்சிதம் பெரிய பந்தல் கேட்கும் கொடி, அதை அடுக்குமாடியில் நினைக்கவே வேண்டாம்.

வாசத்துக்குப் பாம்பு வரும் என்று பயந்து பலர் இந்தச் செடிகளையே ஒதுக்குகிறார்கள். பூ வாசம் பாம்பை இழுப்பதில்லை. புதர் மண்டினால் எலியும் தவளையும் சேரும், அவற்றைத் தேடித்தான் பாம்பு வரும். செடியின் அடிப்பகுதியில் ஓரடி உயரத்துக்குக் கிளைகளை நீக்கி, சருகைக் கூட்டிவிட்டால் பயமில்லை.

ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம், வெயிலும் உண்டு என்றால் குண்டுமல்லி வாங்குங்கள். நிழல் என்றால் நிஷாகந்தி. தரை இருந்தால் கிழக்கு ஓரத்தில் பவளமல்லி, வேலியோரத்தில் மல்லி என்று இரண்டையும் வையுங்கள். கோடை முழுக்க மல்லியும், அது குறையும் நேரத்தில் பவளமல்லியும் என்று மார்ச்சிலிருந்து மழைக்காலம் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும். நட ஏற்ற நேரம் ஜூன், ஜூலை.