பழைய தாரா, சூடு குறைத்த தாரா, பால் பாட்டில் தாரா?

தென்னாப்பிரிக்காவில், நம்ம டர்பனில் ரோடு போடும் பேச்சு வந்தாலே 'பசுமைச் சாலை' என்கிறார்கள். அதற்குள் நாலு வகை இருக்கிறது, நாலும் ஒன்றல்ல.

வழக்கமான தார்க்கலவையை 150 முதல் 180 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அதில் 20 முதல் 40 டிகிரி குறைத்தால் 'வார்ம் மிக்ஸ்'. நம்ம சாட்ஸ்வர்த் ஹிகின்சன் ஹைவேயில் 2010-இல் சோதனையாகப் போட்டார்கள். ஆலையில் எரிபொருள் மிச்சம். கலவையைப் பரப்புகிறவர்கள் சுவாசிக்கும் புகையும் குறைவு. அதற்காகவே செய்யலாம். ஆனால் புதுத்தார், புது ஜல்லி அளவு அப்படியேதான்.

அந்த அளவைக் குறைப்பது பழைய ரோட்டைச் சுரண்டி மறுபடி கலப்பது. தெற்கு டர்பனின் இரண்டு கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 தீவிபத்தோடும், இன்னொன்று 2022-இலும் நின்றுபோயின. இப்போது தார் பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. அதனால் சுரண்டிய பழைய தாருக்கு மவுசு. சிக்கல் எங்கே என்றால், அதை நேராகத் தீயில் காட்ட முடியாது. தார் கருகி நீலப்புகை கிளம்பும். புது ஜல்லியை அளவுக்கு மீறிச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் இதை இளக்க வேண்டும். பழையது கூடக்கூட இந்தச் சூடும் கூடும். சுரண்டிக் கொட்டிய குவியல் மழையில் நனைந்திருந்தால் தண்ணீரை ஆவியாக்கவே எரிபொருள் போய்விடும். மிச்சம் பிடித்ததில் பாதியைப் புகைபோக்கியில் விடுகிற கதைதான். வார்ம் மிக்ஸோடு சேர்த்துப் போட்டால் இந்தச் சிக்கல் கொஞ்சம் தணியும்.

என் ஓட்டு நுரைத்தாருக்கு. கொதிக்கும் தாரில் சொட்டுத் தண்ணீர் பீய்ச்சினால் பொசுக்கென்று பத்து மடங்குக்கு மேல் நுரைத்து எழும்பும். அந்த நுரையை, அதே இடத்தில் சுரண்டிய பழைய ரோட்டோடு பச்சையாகவே கலக்கலாம். ஜல்லியைச் சூடாக்கும் வேலையே இல்லை. லாரி நடையும் குறைவு. சாதாரணக் கலவையில் தார் ஐந்து சதவீதம் போல என்றால் இதில் இரண்டு, இரண்டரைதான். ஒரு சதவீத அளவுக்கு சிமென்ட் சேர்ப்பார்கள். அதைக் கூட்டினால் கார்பன் உமிழ்வும் ஏறும், ரோட்டில் விரிசலும் விழும். இந்த முறையில் உலகில் முன்னணியில் இருக்கும் நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. ஆனால் இது அடித்தளத்துக்கு மட்டும். மேலே மெல்லிய தார்ப்பூச்சு வேண்டும். மேன்ஹோலும் தண்ணீர்க் குழாயும் நிறைந்த நம் குறுகிய தெருக்களில் சுரண்டிக் கலக்கும் பெரிய மெஷின் திரும்பக்கூட இடம் கிடையாது.

அப்புறம் பிளாஸ்டிக். 2019-இல் கிளிஃப்டேலில் 400 மீட்டர் சொச்சம் போட்டார்கள். கிட்டத்தட்ட 40,000 பால் பாட்டில் கணக்கு. மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் 2000-களின் தொடக்கத்திலேயே ஊரில் செய்து காட்டியதுதான். ஆனால் அவர் கையாண்டது யாரும் பொறுக்காத கேரிபேக், சாக்லேட் உறை. பால் பாட்டிலுக்கோ இங்கே ஏற்கெனவே மறுசுழற்சிச் சந்தை இருக்கிறது. அங்கிருந்து பிடுங்கி ரோட்டில் புதைப்பதில் எனக்குப் பெரிய பசுமை தெரியவில்லை. தேயும்போது நுண்பிளாஸ்டிக் சாக்கடையில் இறங்குமோ என்ற கவலை வேறு.

ஆகவே, பெரிய ரோடுகளுக்கு அடியில் நுரைத்தார், மேலே வார்ம் மிக்ஸ். நம் தெருக்களுக்குப் பழைய தார் கலந்த வார்ம் மிக்ஸ் போதும். ஆனால் முதல் செலவாக அந்தப் பழைய தார்க் குவியலுக்கு ஒரு தகரக் கொட்டகை போடட்டும்.