டாட் ஃபெல்லோஷிப் வொர்த்தா? பத்து மாசம் ஜெர்மனில இருந்துட்டு வந்தவனோட ரிவ்யூ

இந்த வாரம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க, டிஏஏடி ஃபெல்லோஷிப் போடலாமா, காசு பத்துமா, அங்க போய் என்ன பண்ணீங்கன்னு, தனித்தனியா பதில் போட்டு கை வலிக்குது, அதனால ஒரேயடியா எழுதிடறேன். எல்லாரும் முதல்ல கேக்கறது காசுதான். அதுல பெருசா பிரச்சனை இல்ல. இடிக்கறது நாள் கணக்குல. பத்து மாசம்னு லெட்டர்ல இருக்கும், உருப்படியா வேலை நடந்தது எனக்கு ஆறரை மாசம்தான், அந்த மூணரை மாசம் எங்க போச்சுன்னு சொல்லத்தான் இந்த ரிவ்யூவே.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டிஏஏடி, எல்லாரும் டாட்னு சொல்றது, ஜெர்மனியோட கல்விப் பரிமாற்ற அமைப்பு, 1925ல ஹைடல்பெர்க்ல ஆரம்பிச்சது, போருக்கு அப்புறம் 1950ல பான் நகரத்துல திரும்ப ஆரம்பிச்சாங்க. பெரும்பகுதி அரசாங்கப் பணம். இதுல நிறைய வகை இருக்கு, மாஸ்டர்ஸுக்கு தனி, முழு பிஎச்டிக்கு தனி. நான் போனது நம்ம ஊர்ல பிஎச்டி ரெஜிஸ்டர் பண்ணிட்டு ஆராய்ச்சிக்கு மட்டும் அங்க போய்ட்டு வர்ற வகை. டிகிரி இங்கதான், ஆவணம் அங்க. 2022 அக்டோபர்ல இருந்து 2023 ஜூலை வரைக்கும் இருந்தேன்.

நான் மாயவரம் பக்கம். தரங்கம்பாடிக்கு பஸ்ல ஒரு மணி நேரம், ஸ்கூல் டூர்னாலே டேனிஷ் கோட்டைதான், கோட்டைய விட அங்க வித்த கிளிஞ்சல் மாலைதான் ஞாபகம் இருக்கு. 1706ல சீகன்பால்குங்கற ஜெர்மன் பாதிரி அங்க வந்து இறங்கினதுல இருந்து பாதிரிமார்கள் எழுதின கடிதம், டைரி, கணக்கு எல்லாம் கட்டுக்கட்டா ஜெர்மனில ஹாலேங்கற ஊருக்கு போயிருக்கு. ஃபிராங்கேன்னு ஒருத்தர் 1698ல அங்க அனாதை விடுதி, பள்ளிக்கூடம்னு ஆரம்பிச்ச நிறுவனம், இன்னிக்கும் அதே இடத்துல இருக்கு, ஆவணக் காப்பகத்தோட. என் பிஎச்டி பதினெட்டாம் நூற்றாண்டுல நம்ம கரையோரத்துல அரிசி விலை, பஞ்சம் பத்தி. ஆக பக்கத்து ஊரு அரிசி விலைய தெரிஞ்சுக்க ஐரோப்பா போகணும், வீட்ல இத விளங்க வைக்கவே ரெண்டு நாளாச்சு.

அப்ளிகேஷன் பத்தி. ஆராய்ச்சித் திட்டம், மாசவாரியா டைம் டேபிள், ஜெர்மனில ஒரு ப்ரொஃபசர் "நான் வழிகாட்டறேன்"னு தர்ற லெட்டர், நம்ம ஊர் கைடோட சிபாரிசு, இதுதான் முக்கியம். பிஎச்டி ஆரம்பிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாதுன்னு ஒரு விதி உண்டு, நம்ம ஆளுங்க நிறைய பேர் அங்கதான் அடிபடறாங்க, ஏன்னா நாலாவது வருஷத்துலதான் நமக்கெல்லாம் விழிப்பே வருது. ப்ரொஃபசர் லெட்டருக்கு நான் பதினோரு மெயில் போட்டேன், பதில் வந்தது ரெண்டு, அதுல ஒண்ணு "ரிட்டயர் ஆயிட்டேன், வாழ்த்துக்கள்". மெயில் எழுதறப்ப உங்க பெருமைய எழுதாதீங்க, எந்த ஆவணத் தொகுதி, எந்த வருஷம், எதுக்குன்னு நாலு வரில கேளுங்க. எனக்கு வேலை செஞ்ச மெயில் அப்படி எழுதினதுதான். இங்க சிபாரிசு லெட்டர் கதை உங்களுக்கே தெரியும், "நீயே டைப் அடிச்சு கொண்டா, கையெழுத்து போடறேன்". என்னைய நானே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள வேர்த்துப் போச்சு.

இன்னொண்ணு, ஹாலே ஆவணங்கள் நிறைய இப்ப ஸ்கேன் பண்ணி ஆன்லைன்லயே இருக்கு. அப்ப நேர்ல எதுக்கு போகணும்னு கமிட்டி யோசிக்கும், ப்ரொபோசல்லயே அதுக்கு பதில் சொல்லிடுங்க. இத எனக்கு சொன்னது எங்க டிபார்ட்மெண்ட் சீனியர் அக்கா ஒருத்தங்க, அவங்களுக்கு ஒரு தடவ ரிஜெக்ட் ஆனது இந்த இடத்துலதானாம்.

செலக்ட் ஆயிட்டா விசா சுகம், அத மறுக்க முடியாது. மத்த ஸ்டூடண்ட்ஸ் அந்த வருஷம் 10,332 யூரோ பிளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது மாசாமாசம் கொஞ்சம்தான் எடுக்க முடியற கணக்குல, போட்டு காட்டணும், நமக்கு டாட் லெட்டரே போதும், விசா ஃபீஸும் கிடையாது. இன்சூரன்ஸ் அவங்களே எடுத்துடறாங்க. ஸ்டைபெண்ட் அப்ப மாசம் 1,200 யூரோ, கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபா, இப்ப ஏத்திட்டாங்க. அதுபோக பயணச் செலவுக்கு ஒரு தொகை, ஆராய்ச்சி செலவுக்கு வருஷத்துக்கு 460 யூரோ. ஹாலே மாதிரி கிழக்கு ஜெர்மனி ஊர்ல 1,200க்கு நல்லாவே இருக்கலாம், ரூமு 340, சமைச்சு சாப்ட்டா மாசம் இருநூறுல முடிஞ்சுடும், மிச்சம் கூட பிடிக்கலாம். ம்யூனிக் போறவங்க இந்தக் கணக்க நம்பி ஏமாறாதீங்க, அங்க வாடகையிலயே பாதிக்கு மேல போயிடும்.

ஆனா ஃபெல்லோஷிப் லெட்டர்ல வராத செலவு ஒண்ணு இருக்கு, ரூம் அட்வான்ஸ். சட்டப்படி மூணு மாச வாடகை வரைக்கும் கேக்கலாம், அதுவும் ஹீட்டர் தண்ணி சேக்காத வாடகை. எனக்கு 780 யூரோ. அம்மாவோட சீட்டுப் பணம்தான் எடுத்துட்டுப் போனேன். ஊருக்குள்ள போனதும் ரெண்டு வாரத்துல முகவரி பதிவு பண்ணணும், அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட பேப்பர் வேணும், என் ஓனர் லீவுல ஸ்பெயின் போயிட்டாரு. பதிவு இல்லாம பேங்க் அக்கவுண்ட் தர மாட்டோம்னாங்க நான் போன பேங்க்ல, அக்கவுண்ட் இல்லன்னா ஸ்டைபெண்ட் எங்க போடுவாங்க, இப்படி சுத்தி சுத்தி முதல் மாசம் முழுக்க க்யூல நின்னு டோக்கன் நம்பர் பாத்ததுதான். ஒரு மாசம் போச்சா. அப்புறம் டிவியே இல்லாத ரூமுக்கு டிவி ரேடியோ வரின்னு மாசம் 18.36 யூரோ கேட்டு லெட்டர் வரும், கட்டித்தான் ஆகணும், சண்டை போட்டு நேரத்த வீணாக்காதீங்க.

மிச்ச ரெண்டரை மாசம் போனது மொழில. இதத்தான் பெருசா சொல்லணும். நான் சென்னைல பி1 வரைக்கும், அதாவது நடுத்தர லெவல் வரைக்கும், ஜெர்மன் படிச்சேன், கெத்தா போனேன். டாட்ல ஆராய்ச்சிக்கு முன்னாடி ரெண்டு, நாலு, ஆறு மாசம்னு அங்கேயே மொழி கோர்ஸ் கொடுக்க வழி இருக்கு, நான் "பி1 இருக்கே, டைம் வேஸ்ட்"னு கேக்கவே இல்ல. முட்டாள்தனம். காப்பகத்துல முதல் நாள் ஒரு கட்டு கடிதம் எடுத்துக் கொடுத்தாங்க, பேனா கூடாது பென்சில் மட்டும், ஓகே, பிரிச்சேன். ஒரு எழுத்து படிக்க முடியல. ஒரு எழுத்து கூட. அது குரென்ட்னு பழைய ஜெர்மன் கையெழுத்து, சாய்வா கூரா முள்ளுவேலி மாதிரி ஓடும், அதுல 'எ' எழுத்தும் 'ந்' எழுத்தும் பாக்க ஒண்ணுதான், 'உ'வும் அப்படித்தான், அதுக்கு மேல மட்டும் ஒரு சின்ன வளைவு போட்டிருப்பாங்க வித்தியாசம் தெரிய, எழுதினவருக்கு அவசரம்னா அதுவும் இருக்காது. ஆன்லைன்ல ஸ்கேன் பாத்தப்பவே இது தெரிஞ்சிருக்கணும், ஆனா அச்சான பக்கங்களையே பாத்துட்டு எல்லாம் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்.

காப்பாத்தினது கீழ் வீட்டு பாட்டி. எண்பத தாண்டினவங்க. ஜெர்மன் ஸ்கூல்ல இந்த மாதிரி எழுத்த 1941ல நிறுத்திட்டாங்க, ஆனா அவங்க அம்மா கடைசி வரைக்கும் அப்படித்தான் லெட்டர் எழுதினாங்களாம், அதப் படிச்சுப் படிச்சே இவங்களுக்கு பழக்கம். நான் ஒரு பக்கம் பிரிண்ட் கொண்டு போய் காட்டினா கண்ணாடிய மாட்டிட்டு தினத்தந்தி படிக்கற மாதிரி படபடன்னு படிக்கறாங்க. வாரத்துல ரெண்டு சாயங்காலம், அவங்க காபி கேக்கு, என் பங்குக்கு ரவா உப்புமா, ஒரு எழுத்துக்கு ஒரு பக்கம் எழுதி பழகினேன். அந்தக் குளிர்காலம் கேஸ் தட்டுப்பாடு வேற, அரசு கட்டிடத்துல 19 டிகிரிக்கு மேல ஹீட்டர் வைக்கக் கூடாதுன்னு ஆர்டர், ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டு பென்சில் பிடிச்சு எழுதினா என் கையெழுத்தே குரென்ட் மாதிரிதான் வந்துச்சு.

ஜனவரில ஒரு கணக்குத் தாள்ல ஒரு வார்த்தை மாட்டிக்கிச்சு. ரெண்டு நாள். எந்த டிக்ஷனரிலயும் இல்ல, பாட்டிக்கும் தெரியல, "இது ஜெர்மனே இல்ல"ன்னுட்டாங்க. 'ந்', அப்புறம் 'எ'யா இன்னொரு 'ந்'தானான்னு குழப்பம், அப்புறம் ரெண்டு 'ல்'. மூணாவது நாள் டிராம்ல நிக்கறப்ப வாய்க்குள்ள முணுமுணுத்துப் பாத்தேன், நெல்லு! அட நம்ம நெல்லு. பாதிரி அத மொழிபெயர்க்காம காதுல கேட்டபடியே ஜெர்மன் எழுத்துல எழுதி வெச்சிருக்காரு. டிராம்ல சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்துல இருந்தவங்க நகர்ந்து உக்காந்தாங்க. அதுக்கப்புறம்தான் வேலை ஓடுச்சு, ஜனவரி பாதில இருந்து ஜூலை வரைக்கும் எடுத்த நோட்ஸ்தான் இப்ப என் தீசிஸ்ல ரெண்டு சேப்டர்.

ஃபுல்பிரைட் நேரு பெட்டரான்னு கேக்கறவங்களுக்கு, நான் அது போகல. ஆறுல இருந்து ஒன்பது மாசம், அமெரிக்கா, முடிச்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்ல இருக்கணும்னு விசா நிபந்தனை இருக்கு. உங்க ஆவணம் எந்த நாட்ல இருக்கோ அந்த நாட்டு ஃபெல்லோஷிப்ப போடுங்க, பேருக்காக போடாதீங்க.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு நாலு. வரலாறு, இலக்கியம் மாதிரி படிக்கற ஆளுங்களுக்கு பத்து மாசம் பத்தாது, அந்த ஒரு ஸ்டார் அதுக்குத்தான் போச்சு. லேப் வேலை பண்றவங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சே இருக்கலாம், என் ரூம்மேட் கெமிஸ்ட்ரி, லேப்ல எல்லாரும் இங்கிலீஷ், ரெண்டாவது வாரமே வேலைய ஆரம்பிச்சுட்டான். மொழி கோர்ஸ மட்டும் கண்டிப்பா கேளுங்க, பி1 இருந்தாலும் கேளுங்க.

அந்த 780 யூரோ? ஊருக்கு வந்து அஞ்சாவது மாசம் வந்துச்சு, ஜன்னல் கட்டைல கீறல்னு 40 கழிச்சுட்டு. அது நான் போறதுக்கு முன்னாடியே இருந்த கீறல். குடி போறன்னிக்கே ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க.